லெயோனின் போனும் மூன்றாம் குடில் லேப்டாப்பும்

அக்டோபர் 13, மாலை 6.00. வழக்கமான பதிவு

நிலாத் தென்முனை, மூன்றாம் குடில். எழுதுவது ஆவுடைநாயகி, மின்சாரப் பொறியாளர், சொந்த ஊர் சங்கரன்கோவில். குடிலில் இருப்பது இரண்டே பேர். இன்னொருவன் லெயோன் கொரைரா, மணப்பாட்டுக்காரன், வண்டி ஓட்டுவதும் பனிக்கட்டி துளைத்தெடுப்பதும் அவன் வேலை. கடிகாரம் இந்திய நேரப்படி.

உள்வெப்பம் சரி. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு இயங்குகிறது, சத்தம் மட்டும் கூடியிருக்கிறது. தேயிலை நேற்றோடு தீர்ந்தது. அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தப் பதிவுகளைத் தலைமையகத்தில் யாரும் படிப்பதில்லை. சென்ற மாதம் சும்மா "குடிலுக்குள் யானை புகுந்தது" என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். "பதிவு கிடைத்தது, நன்றி" என்று பதில் வந்தது. ஆகவே இதை எப்போதாவது எடுத்துப் படிக்கப்போகும் யாரோ ஒருவருக்காக எழுதுகிறேன். உங்களுக்கு வணக்கம்.

லெயோன் இரவு கசத்துக்குப் புறப்படுகிறான். கசம் என்று நாங்கள் சொல்வது கிழக்கே இருக்கும் பெரும்பள்ளத்தை. ஆற்றில் ஆள் முழுகும் ஆழத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சூரியன் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடம். சரிவு வழியாக இறங்க நான்கு மணி நேரம், துளைக்கச் சில மணி நேரம், திரும்பி ஏற நான்கு மணி நேரம். ஏழெட்டுத் தடவை போய் வந்தவன்தான்.

தன் பழைய போனை என்னிடம் விட்டுப் போகிறான். அங்குள்ள குளிருக்கு அது தாங்காது. பின்னுறையில் பத்து ரூபாய் நோட்டு ஒன்றும், வேளாங்கண்ணி மாதா படம் பதித்த சின்னத் தகடு ஒன்றும் இருக்கின்றன. அவன் மனைவி செலின் வைத்து அனுப்பியது. மாதா இந்தத் தடவை உனக்குத் துணையிருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டான். நிலாவில் வண்டி கழுவுவது என்றால் துடைப்பத்தால் தூசி தட்டுவது.

அக்டோபர் 14, காலை 4.55. கோளாறு

நில அதிர்வு. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை, மேசைக்கு அடியில் இருந்தேன்.

கூரைக் கோபுரம் சாய்ந்துவிட்டது. பெரிய ஆன்டெனாவும் வெளி விளக்கும் அதோடு போயின. சாயும்போது மின்கம்பியையும் இழுத்ததில் சுவரில் இருந்த பெரிய கணினி கருகிவிட்டது. பூமியோடு பேச வழியில்லை. காற்று இயந்திரமும் வெப்பமும் தனிக் கம்பியில் ஓடுவதால் தப்பின. மிச்சம் இருப்பது நான் இதை எழுதும் லேப்டாப் ஒன்று.

சரக்குக் கலம் வர இன்னும் ஒன்பது நாள். எனக்குக் காற்றும் சாப்பாடும் ஒரு மாதத்துக்கு உண்டு. என்னைப் பற்றிக் கவலை இல்லை. லெயோன் கசத்தின் அடியில் இருக்கிறான். அவனிடமிருந்து சத்தமே இல்லை.

காலை 5.40. லெயோன்

இருக்கிறான்!

அவன் போன் கத்தியது. வாசலில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி இருக்கிறது, வெளியே போனவர்களோடு பேச; கசம் வரை எட்டும், ஆனால் குரல் கருகிய கணினி வழியாகத்தான் வரும். வண்டியில் இருந்தபடியே வீட்டுச் செய்திகளைக் கேட்பதற்காக லெயோன் அதை விளையாட்டாகத் தன் போனோடு இணைத்து வைத்திருந்தான். விதிமீறல் என்று அவனைத் திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டு முழுவதையும் இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

"எக்கா, கேக்குதா? உயிரோடதான் கெடக்கேன். எறங்குன சரிவு மொத்தமும் இடிஞ்சு மூடிட்டு. வண்டிக்கு மூக்கு ஒடஞ்சுட்டு, எடங்காட்டி செத்துப்போச்சு. காத்துத் தொட்டியில எங்கயோ கசியுது, உஸ்ஸுங்கு. அடைச்சுப் பாத்தேன், நிக்கல."

கசியும் வேகத்தைப் பார்த்தால் அவனுக்குக் காற்று இன்று மாலை ஆறரை வரை. வந்த வழி அடைந்துவிட்டது. மேற்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, அது சுற்றுவழி. வரைபடம் லேப்டாப்பில் இருந்தது, நல்லவேளை.

திட்டம் இது. பள்ளத்தாக்கில் நேராக இருபத்துநான்கு கிலோமீட்டர். அங்கே இரண்டு பக்கச் சுவர்களும் நெருங்கி வரும். அந்த இடத்துக்குக் கழுத்து என்று பெயர் வைத்திருக்கிறோம். கழுத்தில் இடப்பக்கம் திரும்பினால் குடிலுக்கு ஏற்றம், பதினான்கு கிலோமீட்டர். கழுத்தைத் தாண்டிப் போய்விட்டால் அந்தப் பக்கம் எல்லாம் கிளைப் பள்ளங்கள். ஒன்றும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. உடைந்த வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர்தான் ஊரும். ஆறு மணிக்குக் கிளம்பினால் நண்பகலில் கழுத்து, மூன்றரைக்குக் குடில். மூன்று மணி நேரக் காற்று மிச்சம் இருக்கும்.

அவன் கண்ணுக்கு முன்விளக்கு எட்டும் தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. இடங்காட்டியும் இல்லை. ஆகவே லேப்டாப்பில் வழி மென்பொருளை ஓட விட்டிருக்கிறேன். வண்டியின் வேகத்தையும் திசையையும் கொடுத்தால் அது வரைபடத்தில் ஒரு புள்ளியை நகர்த்திக்கொண்டே போகும். மணலுக்கும் சரிவுக்கும் ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புள்ளியைப் பார்த்து நான் சொல்வேன், அவன் திருப்புவான்.

"நீ சொல்லு, நான் ஓட்டுதேன். கண்ணு ஒனக்கு, கையி எனக்கு" என்றான்.

காலை 6.50. லேப்டாப் அணைந்தது

வண்டி ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை. போன் சிவப்புக் கோட்டைக் காட்டியது. இதன் பேட்டரி கிழடு, தனியாக விட்டால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. குடிலின் சுவர்ப் பிளக்குகள் எதுவும் இதற்குப் பொருந்தாது. லேப்டாப்பில் செருகித்தான் சார்ஜ் ஏற்ற முடியும்.

செருகினேன். லேப்டாப் திரை கறுத்தது. விசிறி நின்றது. விளக்கு இல்லை, சத்தம் இல்லை, செத்த பாம்பு.

போனைப் பிடுங்கினேன். பட்டனை அழுத்தினேன். உடனே உயிர் வந்தது. எல்லாம் விட்ட இடத்தில் விட்டபடியே இருந்தது, வரைபடம், புள்ளி, இந்தப் பதிவு, பாதியில் நின்ற வார்த்தை உட்பட. ஒன்றும் அழியவில்லை என்று சந்தோஷப்பட்டேன். மறுபடி செருகினேன். மறுபடி செத்தது.

காலை 8.10. சோதனைகள்

இருபத்திரண்டு வருடம் மின்சாரத்தோடு குடும்பம் நடத்தியவள் நான். ஒரு லேப்டாப் என்னை முட்டாளாக்குகிறது.

சார்ஜர் கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு, போனைச் செருகினேன். செத்தது. போனை முழுவதும் அணைத்துவிட்டுச் செருகினேன். செத்தது. வேறு கேபிள் தேடினேன். நீளமான கேபிளை லெயோன் வண்டிக்குக் கொண்டுபோயிருக்கிறான். இருப்பது ஒரு சாண் கேபிள்தான். சூடு காரணமோ என்று லேப்டாப்பின் அடியில் ஈரத்துணி வைத்தேன். வித்தியாசம் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. லேப்டாப் செத்துக் கிடக்கும்போதும் போனில் சார்ஜ் ஏறுகிறது. செத்தது எப்படிச் சோறு போடும்? பேட்டரியிலிருந்து நேராகப் போகிறதோ என்னவோ. யோசிக்கத் தெம்பில்லை. நேற்றுக் காலையிலிருந்து கண் மூடவில்லை.

காலை 8.55. காரணம் தெரிந்தது

குங்குமம்.

சிரிக்காதீர்கள். மூன்று நாளைக்கு முன் ஆயுத பூஜை கொண்டாடினோம். ஸ்பானர் முதல் துளைக்கருவி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். லேப்டாப்புக்கும் வைத்தேன், தாராளமாக. லெயோன் முதலில் கேலி செய்தான். பிறகு தன் போனைக் கொண்டுவந்து நீட்டி அதற்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னான். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று கேட்டதற்கு, மாதாவுக்கும் நெற்றி வெறுமையாகத்தானே இருக்கிறது என்றான். அவனுக்கு வாய் அதிகம்.

இப்போது லேப்டாப்பின் இடப்பக்கத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் சிவப்பு. என் பக்தி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி, ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, ஊதி ஊதி மூச்சு வாங்கிவிட்டது.

செருகினேன். போனைக் கையில் பிடித்தபடியே லெயோனோடு பேசினேன். முழுசாக ஐந்து நிமிடம். திரை கறுக்கவில்லை!

"குங்குமமா? எக்கா, இத ஊருல போயி சொல்லாம விடமாட்டேன். செலினுக்கு முதல்ல சொல்லணும்."

சொல்லட்டும். வந்து சொல்லட்டும்.

காலை 9.20

பேசி முடித்துப் போனை வைத்தேன். திரை கறுத்தது. குங்குமம் இல்லை.

சற்று நேரம் அழுதேன். பதிவில் இது தேவையில்லைதான். அழித்துவிடவும் தோன்றவில்லை.

காலை 10.30. சமரசம்

காரணம் தேடுவதை விட்டுவிட்டேன். வேலை நடந்தால் போதும். போனை லேப்டாப்பில் செருகி வைக்கிறேன். திரை கறுக்கிறது, கறுக்கட்டும். சார்ஜ் ஏறுகிறது. நானும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறேன். பத்து நிமிடமோ, கொஞ்சம் கூடவோ. பிறகு போனை எடுக்கிறேன், பட்டனை அழுத்துகிறேன், புள்ளியைப் பார்க்கிறேன், லெயோனுக்குத் திசை சொல்கிறேன். சார்ஜ் இறங்கினால் திரும்ப அதே கதை.

மேசை என்று சொல்வது சுவரிலிருந்து மடக்கி இறக்கும் ஒரு பலகை, லேப்டாப் அகலம்தான் இருக்கும். கேபிள் ஒரு சாண். போனைத் தொங்கவிட்டால் துளை பிய்ந்துவிடும். ஆகவே கீபோர்டுக்கு இடப்பக்கம், மணிக்கட்டு வைக்கும் இடத்தில் போனைக் கவிழ்த்துப் படுக்க வைக்கிறேன். மாதா கண்ணாடி உறைக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிறாள். உறையைக் கழற்றினால் போன் சூடாகாமல் இருக்குமோ என்று ஒரு தடவை யோசித்தேன். அடுத்தவர் சாமி. பெண்டாட்டி கையால் வைத்து அனுப்பியது. தொட மனசு வரவில்லை.

லெயோன் பாடிக்கொண்டே ஓட்டுகிறான். எல்லாப் பாட்டுக்கும் ஒரே மெட்டு. நிறுத்தச் சொன்னால் தூங்கிவிடுவேன் என்கிறான். பாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பகல் 12.10

லெயோன் அழைத்தான்.

"எக்கா, ரெண்டு பக்கமும் சொவரு கிட்ட வந்துட்டு. வெளக்கு வெளிச்சம் ரெண்டு பக்கமும் அடிக்கு. எடப்பக்கம் மேட்டுக்கு ஏறுத மாரி ஒரு எடம் கெடக்கு. இதான கழுத்து?"

புள்ளியைப் பார்த்தேன். கழுத்துக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் பின்னால் இருக்கிறது. நண்பகலில் எட்டுவான் என்று நான்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அது சமதரைக் கணக்கு. மணலில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. மென்பொருள் அதையெல்லாம் கழித்துத்தான் புள்ளியை நகர்த்துகிறது. லேப்டாப் கடிகாரமும் போன் கடிகாரமும் ஒன்றாகத்தான் காட்டுகின்றன. புள்ளியை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அது கழுத்து இல்லை, வேறு ஏதோ இடுக்கு, நேராகப் போ என்றேன்.

"இல்லக்கா, படத்துல பாத்த மாரியே இருக்கேன்னு கேட்டேன்."

இல்லை என்றேன். கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். தூக்கம்.

"சரிக்கா. நீ சொன்னாச் சரி. நேரா விடுதேன்."

பகல் 1.35

புள்ளி கழுத்தைத் தொட்டது. இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். ஒரு சந்து தெரிகிறது, ஏற்றம் அவ்வளவாக இல்லை, ஆனால் வண்டி நுழையும் என்றான். நுழைந்துவிட்டான். இனிக் குடிலுக்குப் பதினான்கு கிலோமீட்டர்தான். ஐந்து மணிக்கு வந்துவிடுவான். நினைத்ததைவிடத் தாமதம், ஆனாலும் ஒன்றரை மணி நேரக் காற்று கையில் இருக்கும்.

அரிசி ஊற வைத்திருக்கிறேன். விருந்துக்கென்று ஒளித்து வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தையும் எடுத்தேன். அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன், பொட்டலம் ஏற்கெனவே பிரித்திருக்கிறது.

பகல் 2.25. உண்மையான காரணம்

கண்டுபிடித்துவிட்டேன். என் திறமையால் இல்லை, அசதியால்.

பேசி முடித்துப் போனைப் படுக்க வைத்தேன். திரை கறுத்தது. கண்ணை மூடப்போகும்போதுதான் பார்த்தேன், கேபிளைச் செருகவே இல்லை. கேபிள் பலகையில் தனியாகக் கிடக்கிறது. போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் திரை கறுத்திருக்கிறது.

போனை எடுத்தேன், பட்டனை அழுத்தினேன், வந்தது. வைத்தேன், போனது. எடுத்தேன், வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி ஆறேழு தடவை செய்தேன்.

உறையைக் கழற்றினேன். மாதா தகட்டைக் கையில் எடுத்தேன். கார் முன்பலகையில் ஒட்டும் வகை. பின்னால் காந்தம்.

லேப்டாப் மூடியில் ஒரு காந்தம் இருக்கும். மூடினால் அது கீழே இடப்பக்கம் இருக்கும் உணர்வியைத் தொட்டு, மூடியாயிற்று, தூங்கு என்று சொல்லும். மாதா அந்த இடத்தில் படுத்துக்கொண்டு அதையேதான் சொல்லியிருக்கிறாள். கேபிள் குட்டையாக இருந்ததால் செருகும்போதெல்லாம் போன் அங்கேதான் படுத்தது. கையில் பிடித்துப் பேசியபோது ஒன்றும் ஆகவில்லை. குங்குமத்தைத் துடைத்ததும் சரியானது போல் தெரிந்ததும் அதனால்தான். இதை நான் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். மாதாவைத் தொடக் கூசி, பல் பிரஷ்ஷோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

தகட்டைச் சுவரில் வைத்தேன், தானே ஒட்டிக்கொண்டது. போனைச் செருகி அதே இடத்தில் படுக்க வைத்தேன். திரை அப்படியே நிற்கிறது. சத்தமாகச் சிரித்தேன். குடிலில் என் சிரிப்பு அசிங்கமாக எதிரொலிக்கிறது.

பகல் 2.50. அறிக்கைக்கான சோதனை

பழக்க தோஷம். கோளாறு என்றால் காரணத்தை மறுபடி செய்து காட்டி எழுத வேண்டும். தகட்டைச் சுவரிலிருந்து எடுத்து, உணர்வி இருக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் வைத்தேன். எடுத்தேன். எழுப்பினேன்.

கடிகாரம்: ஐந்து நிமிடமும் ஓடியிருக்கிறது, சரியான நேரம். அதற்குத் தனிப் பேட்டரி உண்டு.

புள்ளி: விட்ட இடத்தில்.

விட்ட இடத்தில் விட்டபடியே

பகல் 2.58

லேப்டாப் சாகவில்லை. தூங்கியிருக்கிறது. அது தூங்கிய நேரமெல்லாம் புள்ளியும் தூங்கியிருக்கிறது. லெயோன் தூங்கவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

தூங்கி எழுந்த நேரங்களை லேப்டாப் தானே குறித்து வைத்திருக்கிறது. கூட்டினேன். திரும்பச் சொன்ன நேரம் வரை ஒன்றரை மணி நேரம். ஆறு கிலோமீட்டர்.

நண்பகலில் அவன் சொன்ன இடம்தான் கழுத்து. கண்ணால் பார்த்துச் சொன்னான். படத்துல பாத்த மாரியே இருக்கேன்னு சொன்னான். நான் கடுகடுத்தேன். அவன் கழுத்தைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் போன பிறகு இடப்பக்கம் திருப்பிவிட்டேன். இப்போது ஏதோ ஒரு கிளைப் பள்ளத்துக்குள் இன்னும் ஆறு கிலோமீட்டர் போயிருப்பான். குடிலை நோக்கி இல்லை. குடிலை விட்டு.

திரும்பி வரும் வழி: ஆறு, அப்புறம் ஆறு, அப்புறம் பதினான்கு. இருபத்தாறு கிலோமீட்டர். அவனிடம் இருக்கும் காற்றுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் ஓட்டலாம். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். காகிதத்திலும் போட்டேன். லேப்டாப்பை நம்பவில்லை.

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

பகல் 3.10

நான் அழைக்கும் முன் அவனே அழைத்துவிட்டான். இருவர் பேசியதும் பேசியபடி:

"எக்கா, நல்ல சேதி. முன்னால ஒசரத்துல வெளிச்சம் தெரியுது. மஞ்சமஞ்சேர்னு. நீ எனக்குன்னு வெளக்கு போட்டு வச்சிருக்கியா?"

வெளி விளக்கு கோபுரத்தோடு விழுந்து கிடக்கிறது. அது வெயில் படும் ஏதோ மலை உச்சி. ஐம்பது கிலோமீட்டர் இருக்கலாம், நூறு இருக்கலாம்.

"லெயோன், வண்டிய நிறுத்து. அது என் விளக்கு இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன் லெயோன். மத்தியானம் நீ கேட்ட இடந்தான் கழுத்து. நீதான் சரி. லேப்டாப் தூங்கித் தூங்கி, புள்ளி நின்னுபோச்சு, நான் கவனிக்கல, நானும் தூங்கிட்டேன்..."

"மெள்ள சொல்லுக்கா. அழுதுக்கிட்டே சொன்னா ஒண்ணும் வெளங்கல."

மெள்ளச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை கிலோமீட்டர் என்பதையும். மாதா காந்தத்தை மட்டும் சொல்லவில்லை, கேபிள் கோளாறு என்றேன். செலின் வைத்தது என்பது அவன் மனதில் ஏற வேண்டாம்.

 அந்த உஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அவன் பாட்டில் அது எனக்குக் கேட்கவில்லை.

"நான் காத்து உருளைய எடுத்துக்கிட்டு நடந்து வாறேன் லெயோன். எதிர்ல வாறேன்."

"நீயா? முட்டிவலின்னு நேத்துதான மருந்து தடவுன?"

"வாறேன்னு சொல்றேன்ல."

 கோபித்துக்கொள்வான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கெட்ட வார்த்தையில் திட்டட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

"சரிக்கா. அப்போ எந்தப் பக்கம் திருப்பட்டும்? சொல்லு."

என்னிடமே கேட்கிறான்.

பகல் 3.40. கடைசிப் பதிவு

வந்த தடத்திலேயே திரும்பச் சொன்னேன். தன் சக்கரத்தடம் விளக்கில் நன்றாகத் தெரிகிறது என்றான். திரும்பிவிட்டான். புள்ளி வேண்டாம், தடத்தை மட்டும் பார், நான் சொன்னாலும் கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

உடை போட்டாயிற்று. தலைக்கவசம் மட்டும் பாக்கி. கையுறையோடு தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சறுக்குப் பலகையில் இரண்டு காற்று உருளைகள் கட்டியிருக்கிறேன். வண்டித் தொட்டியில் மாட்டினால் இருவரும் திரும்பிவரப் போதும். போனையும் எடுத்துப் போகிறேன். குளிரில் எத்தனை நிமிடம் உயிரோடு இருக்குமோ, இருக்கும்வரை அவன் குரல் கேட்கும். வாசல் பெட்டியை விட்டு விலகியதும் அதுவும் நின்றுவிடும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கழுத்து வழியாக மேற்கே வந்து தேடுங்கள். கிளைப் பள்ளம் வரை தேடுங்கள். செலினுக்குச் சொல்லும்போது தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். சரியாக ஓட்டியது அவன். பார்த்துச் சொன்னதும் அவன்தான்.

அவனும் ஓட்டி, நானும் எட்டி நடந்து, இருவரும் நடுவில் சந்திக்க வேண்டும். கணக்குப் போட்டேன். அவன் காற்று தீரும்போது எங்களுக்கு நடுவே இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கிறது.

இன்று முழுக்க என் கணக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. இதுவும் தப்பாக இருக்கட்டும்.